பாஸான நோட்டீஸும் அத்தையின் கருப்பட்டியும்

சர்க்கரை நோய் பற்றிய நோட்டீஸ் மூன்று மொழிகளில் அச்சுக்குப் போக இருந்தது. சொல்லின் நீளத்தை வைத்து, படிக்க எளிதா, கடினமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆங்கிலம் பச்சை வாங்கியது. மலையாளமும் தமிழும் சிவப்பு. நம் சொற்கள் நீளம். அதற்கு நாம் என்ன செய்வது? இங்கிலீஷ்காரனுக்குத் தைத்த சட்டையை நமக்கு மாட்டிவிட்டு, உடம்புதான் கோணல் என்கிற கதை.

தமிழ் என் பொறுப்பு. "சிவப்பு வந்தா அச்சுக்குப் போகாது. நீளத்தை வெட்டுங்க" என்றார் மேலதிகாரி. கருப்பட்டி, வெல்லம் எதுவும் கூடாது என்று நான் அடுக்கியிருந்த வாக்கியம்தான் முதலில் போனது. "சாயாவில் சீனி போடாதீர்கள்" என்பது மட்டும் மிஞ்சியது. பச்சை வந்துவிட்டது. அவர் கைகொடுத்தார், எனக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருக்கும் என் அத்தையிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தைக்கு அட்டை கடித்தால் கவலையில்லை. ஊசி என்றால் லயமே அதிரும்.

தடங்கலில்லாமல் வாசித்தார். "நல்லா வெளங்குது மருமவளே. இன்னையிலருந்து சீனி கெடையாது."

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை கொஞ்சமும் இறங்கவில்லை. டாக்டர் கடைசியாக இன்னும் ஒரு மாதம் தவணை தந்தார். போய்ப் பார்த்தேன். அத்தை பாலில்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

"வாயில என்ன அத்தை?"

"கருப்பட்டி."

தேயிலைக் காட்டில் அவர்கள் பழக்கம் அது. கருப்பட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, இனிப்பில்லாத சாயாவை அதன்மேல் விடுவார்கள்.

"சாயாவுல போடாதன்னுதான எழுதியிருக்கு? நான் போடலியே."

அலுவலகத்தில் சண்டை போட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தேன். சிவப்பு வந்தது. வரட்டும் என்றேன். புதிய தாளை அத்தை விரல் வைத்து, வக்கீல் பத்திரம் பார்ப்பதுபோல வாசித்தார். கன்னத்தில் இருந்ததைத் துப்பினார். பிறகு அலமாரியில் இருந்த மலைத்தேன் பாட்டிலைப் பார்த்தார்.

"தேனப் பத்தி ஒண்ணும் காணுமே."

பேனாவை எடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாத தாயி. எழுதிட்டன்னா நான் கேக்கணும்லா."

எழுதினேன்.