நோன்பு நாளில் பிசைந்த ஆனைக்கொய்யா

என் புருஷன் ஊருக்கு நல்ல மனுசன். இலங்கைக் கடற்கரையில் எங்கள் கற்பிட்டிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் பீங்கானைத் தூக்கி எறிகிறவரும் அவர்தான் என்று நான் சொல்லியிருந்தால் எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள். இத்தனை வருசம் கழித்து இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

கலியாணமாகி எனக்கு அது முதல் நோன்பு. வெள்ளைக்காரன் காலம், யுத்தம் வேறு. அரிசியும் சீனியும் கூப்பனுக்குத்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழமை. எங்களிடம் கொடுக்க வீடு இருக்கவில்லை, நான்தான் மாமி வீட்டுக்குப் போனேன். அந்தக் குறையை மாமி ஒரு நாளும் மறக்க விட்டதில்லை. நோன்பு தொடங்கிய கிழமையே கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. பீங்கான் சுவரில் போய் உடைந்தது.

"இன்னொருக்கா உப்புப் பிசகினா உன்ட உம்மா ஊட்டுக்கே போயிரு" என்றார்.

அங்கே எனக்குக் கீழே இரண்டு குமர்த் தங்கச்சிமார். நான் திரும்பிப் போய் நின்றால் அவர்களை யார் கேட்டு வருவார்கள்?

பிறகு கருவாடு விற்க மலைநாட்டுக்குப் போனவர் ஒரு பை நிறைய ஆனைக்கொய்யா, வெண்ணெய்ப்பழம் என்பார்களே அது, கொண்டு வந்தார். தோட்டத்துத் துரையின் குசினிக்காரன் அவருக்கு அதைப் பிசைந்து கொடுத்தானாம்.

"மத்த ஆக்கள் சீனி போடுவாங்க. துரை ஊட்டுல பச்சைக் கொச்சிக்கா, வெங்காயம், தேசிக்காப் புளி, உப்பு. பிசஞ்சு ரொட்டியோட வை. வெள்ளிக்கிழமை பள்ளி லெப்பையும் ரெண்டு யாவாரிமாரும் நோன்பு துறக்க வாறாங்க."

உப்பு எவ்வளவு என்று கேட்டேன். "அதையும் நானா சொல்லணும்?" என்று சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கல்லுப்போல் இருந்த பழங்களை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை பழுத்திருந்தன. வெட்டி வைத்தால் கறுத்துப்போகும் என்பதால் அந்தி மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முந்தித்தான் பிளந்து, கொட்டையை எறிந்து, சதையைக் கரண்டியால் வழித்துச் சட்டியில் போட்டுக் கையால் பிசைந்தேன். உறைக்கிற கொச்சிக்காயையும் வெங்காயத்தையும் பொடியாக அரிந்து போட்டுத் தேசிக்காய் பிழிந்தேன். உப்பில்தான் கை நின்றது. எங்கள் கடற்கரை உப்பு, கல் கல்லாக ஈரமாக இருக்கும். மீன் ஆணத்துக்கு எத்தனை கல் என்று என் விரலுக்குத் தெரியும். கண்டறியாத இந்தப் பழத்துக்கு எத்தனை என்று அதற்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ளை ஒன்று இருந்தால் நாக்கில் தடவிக் கேட்கலாம், அதுவும் அந்த வீட்டில் இல்லை.

ஒரு வழி இருந்தது. பெண்களுக்கான பயான் பிரசங்கத்தில் லெப்பை சொல்லியிருந்தார்: உப்புக்குச் சண்டை பிடிக்கிற முன்கோபக்காரனின் பெண்சாதி நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது. விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். மாமி கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன புள்ள செய்றா? அது கொடுமைக்காரன்ட பொண்டாட்டிக்குச் சொன்ன சட்டம். என்ட மகன் தங்கம்."

"தங்கம்தான் மாமி. அந்தச் சுவரைப் பாருங்க."

"அடிக்கிற கைதான் அணைக்கும்."

அணைத்த கையை நான் இன்னும் காணவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பீங்கான் உடைந்தபோது வாய் திறக்காத மனுசி, மகனின் பெயருக்கு மட்டும் காவல்! கையை உதறிவிட்டு நாக்கில் வைத்தேன். சப்பென்றிருந்தது. துப்பி, வாய் கொப்பளித்து, இன்னும் இரண்டு கல்லை நுணுக்கிப் போட்டுப் பிசைந்து திரும்பவும் பார்த்தேன். மாமி விடாமல் பாவமன்னிப்புக்கு "அஸ்தஃபிருல்லாஹ்" சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் முன்அறையில் பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சி குடித்து, ரொட்டியைத் தொட்டார்கள். நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றோம்.

"உப்பு அந்த மாதிரி! நோன்போட எப்படிக் கணக்காப் போட்டாங்க?" என்றார் லெப்பை.

"அளவு நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் என் புருஷன்.

அட பாவி மனுசா! அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"நாக்குல வச்சுத்தான் பாத்தேன் லெப்பை" என்றேன் திரைக்குப் பின்னால் இருந்து. "நீங்க பயான்ல சொன்ன சட்டம்தான். எனக்கு அது கூடும்தானே, நோன்பு முறியாது."

ஒரு யாவாரி இருமினார். "அப்படியா தம்பி?" என்று லெப்பை கேட்டார். கடைத்தெருவே மெச்சுகிற மனுசன் "இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தட்டா?" என்று பேச்சை மாற்றினார்.

தொழுகைக்கென்று அவர்கள் எழும்பியதும் அவர் குசினிக்குள் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"மானத்தை வாங்கிப்போட்டியே! வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா?"

"நோன்பு மாசத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா?"

கைக்கு எட்டிய பீங்கானைத் தூக்கினார். எனக்குப் பயம் வரவில்லை. இனி என்னை அனுப்பினால் ஏன் அனுப்பினான் என்று ஊருக்கே தெரியும்.

"எறிங்க" என்றேன். "லெப்பை இன்னும் வாசல்லதான் செருப்புப் போடுறாரு."