நாளைக்கண்ணன் கடையின் கீழ்த்தட்டு

எங்கள் துறைமுகத் தெருப் பேட்டரிக் கடையில் பல வருஷமாக யாரும் வாங்கிய பேட்டரியை அன்றைக்கே கையோடு கொண்டுபோனதில்லை. காசை முன்னாலேயே நீட்டினாலும், காலில் விழுந்தாலும், கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "நாளைக்கு வாங்க." அதனால் அவருக்கு நாளைக்கண்ணன் என்று பெயர் விழுந்தது. வைத்தவன் நான்தான். பக்கத்து வெல்டிங் பட்டறை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை அந்த அளவுக்குக் கிடையாது.

புத்தம்புது பேட்டரியைக்கூட அவர் நம்பமாட்டார். முதலில் முழு சார்ஜ் ஏற்றுவார். பிறகு படகு விளக்கு ஒன்றை அதில் மாட்டி எரியவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அரை மணிக்கு ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்த்து, சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார். அவசரக்காரர்கள் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

படகுக்காரர்களிடம் அவர் சொல்கிற பாடம் எனக்கே மனப்பாடம்.

"பேட்டரியில ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு இன்ஜினைக் கிளப்ப. அவன் ஓட்டக்காரன். நூறு அடி பறப்பான், அப்புறம் மூச்சு வாங்கி நின்னுடுவான். இன்னொண்ணு டீப் சைக்கிள். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் அதுதான். உள்ள தகடு தடிமனா இருக்கும். அவன் மூட்டை தூக்குறவன், மெதுவா நடப்பான், ஆனா விடிய விடிய நடப்பான். இவன் வேலையை அவன் தலையில கட்டக்கூடாது."

அதற்குமேல் பராமரிப்பு. பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்று. ஒயர் மாட்டுகிற டெர்மினலைத் தேய்த்துத் துடைத்துக் கிரீஸ் தடவு. அலையில் உருளாமல் பட்டை போட்டுக் கட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியான பேட்டரியை ஒரு நாள்கூட சும்மா வைக்காதே, உடனே சார்ஜில் போடு. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

கடையின் கீழ்த்தட்டில் ஒரு பழைய பேட்டரி இருந்தது. உப்புக் காற்றில் கைப்பிடி வெளுத்துப்போனது. அது விற்பனைக்கு இல்லை. திங்கட்கிழமை தவறாமல் அதை வெளியே எடுத்துத் துடைப்பார், மூடி திறந்து தண்ணீர் பார்ப்பார், சார்ஜ் ஏற்றித் திரும்ப வைப்பார். அவருடைய தங்கை கணவரின் படகிலிருந்து கழற்றியது அது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதர் தனியாகக் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் படகு மட்டும் மிதந்து வந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுபோயிருந்தது. ஆள் கிடைக்கவே இல்லை. மச்சான் நினைவாக வைத்திருக்கிறார் என்று தெருவே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் சில நாள் அவர் நடந்துகொள்வது விசித்திரமாக இருக்கும். அலமாரியில் பழுது பார்த்து முடித்த வயர்லெஸ் பெட்டி ஒன்று கிடந்தது. ஒயர்கூட மாட்டாதது. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று அதன் பக்கம் திரும்புவார்.

"சத்தம் கேட்டுதா?"

"என்ன சத்தம்?"

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"அண்ணே, அதுக்குக் கரண்டே இல்ல," என்பேன்.

"ஆமா, இல்லதான்," என்று தலையைக் குனிந்துகொள்வார்.  பயத்தை மறைக்க அவரைத் திட்டிவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவர் தங்கை வந்தார். ஐஸ் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை அவருக்கு. ஏழு வருஷமாகக் கவிழ்த்துப் போட்டிருந்த படகைப் பழுது பார்த்து, இரண்டு பேரிடம் கொடுத்துக் கடலில் இறக்கப்போகிறார். கம்பிகளைப் பற்றவைத்தது நான்தான். கேபிள் அளவு கேட்பதற்காக அந்த நேரம் நானும் கடைக்குள் இருந்தேன்.

அண்ணன் மும்முரமாகிவிட்டார். இன்ஜினுக்குத் தனியாக ஒன்று, விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் டீப் சைக்கிள் இரண்டு, நடுவில் ஒரு சுவிட்ச் என்று விரல் விட்டுச் சொன்னார்.

"எதுக்குண்ணா அவ்வளவு?" என்றார் தங்கை. "கீழ இருக்கே, அவரோட பேட்டரி. அதையே போடு. நீதான் வாராவாரம் பாத்து வச்சிருக்கியே."

"அது வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்? படகு வந்த அன்னைக்கு விளக்கு மாட்டிக் காட்டினியே, பளிச்சுன்னு எரிஞ்சுதே. அது நல்ல பேட்டரிதான்." குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தார். பிறகு, விலை விசாரிக்கிற குரலில் சொன்னார்: "மனுஷனுக்குத்தான் வயர்லெஸ்ஸில கரையைக் கூப்பிட மனசு வரல. காலையில சண்டை போட்டுட்டுப் போனாரு. சாகப் போறப்பகூட எங்கிட்ட பேசக்கூடாதுன்னு இருந்துட்டாரு."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.  இத்தனை வருஷமாகத் தங்கை மனதில் இப்படி ஒன்று இருந்தது அவருக்குத் தெரியாது. 

"அது டீப் சைக்கிள் இல்லம்மா."

தங்கைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தேன்.

"மச்சான் கிளம்பின அன்னைக்குக் கடையில டீப் சைக்கிள் தீர்ந்துபோச்சு. மறுநாள்தான் வரணும். மச்சான் வாசல்ல நின்னுட்டே இருந்தாரு, உன்மேல கோபம், இப்பவே கிளம்பணும்னாரு. நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருக்கணும். ஒரு நாள் தாங்கும்னு இன்ஜின் பேட்டரியைக் கொடுத்து அனுப்பிட்டேன்."

"அப்ப எரிஞ்சுதே?"

"படகுல இருந்து கழட்டினப்ப அதுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா காலி. காலியைப் பாத்தா என் கை தானா சார்ஜில போட்டுடும். போட்டுட்டேன். சாயங்காலம் நீ வந்து நிக்கிற. மீட்டர் முழுசா காட்டுது. விளக்கை மாட்டிக் காட்டிட்டேன்." அலமாரியில் இருந்த வயர்லெஸ் பெட்டியைப் பார்த்தார். "இன்னொண்ணும் இருக்கு. படகோட வயர்லெஸ் மைக் கொக்கியில இல்ல. தரையில, ஒயர் இழுத்த இழுப்புல கிடந்துச்சு. அடி வாங்கி ஓரம் உடைஞ்சிருந்துச்சு. யாரும் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்து மாட்டினது நான்தான்."

அந்த மனிதரை அடிக்கவேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. அடுத்த நிமிடமே பாவமாகவும் இருந்தது. ஏழு வருஷமாகக் கடைக்கு வந்த அத்தனை பேரையும் ஒரு நாள் காக்கவைத்தாரே, அவர் யாரைக் காக்கவைத்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தங்கை அழவில்லை. கத்தவும் இல்லை. "அதை எடு," என்றார். "விளக்கை மாட்டு. வயர்லெஸ்ஸையும் மாட்டு."

அலமாரியிலிருந்த பெட்டியை இறக்கி, இரண்டையும் மாட்டினார். விளக்கு எரிந்தது. வயர்லெஸ் பெட்டி இரைந்தது. தங்கை தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தார். நான் பட்டறையைத் திறக்கவில்லை. வந்த ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மூன்று மணி நேரம் போல ஆனது. விளக்கு மஞ்சளாகி, சிவந்து, கம்பி மட்டும் தெரிந்தது. அதற்கு முன்பே வயர்லெஸ் வாயடைத்துப்போயிருந்தது. தங்கை மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். பத்துப் பதினைந்து முறை அழுத்தியிருப்பார்.

"எத்தனை தடவை அழுத்தியிருப்பாருண்ணா?"

 விளக்கு அணைந்தது. அணைந்ததும் அவர் கை, பழக்கத்தில், சார்ஜரின் கிளிப்பை எடுத்துப் பேட்டரியிடம் கொண்டுபோனது. தங்கை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். கிளிப்பை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"இனிமே இதுக்குச் சார்ஜ் ஏத்தாத."

மைக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் எழுந்திருக்காமலே இருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"கூப்பிட்டிருக்காரு," என்றார். "ஏழு வருஷமா நான் அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அவரு என்னைக் கூப்பிட்டிருக்காரு."