முப்பத்திரண்டு கம்பிகளும் ஒரு சிவப்புப் பொட்டும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர்கள் பலர். மனித மண்டையின் ஆழத்தை அளந்தவர் இந்தப் பூமியிலே ஒரே ஒருவர்தான், அது எங்கள் துஷாந்தி அக்கா. அவர் உங்கள் உச்சந்தலையில் விரலை வைத்தால் போதும், ஐந்தாம் வகுப்பில் நீங்கள் களவெடுத்த அழிறப்பர் முதல் நாளைக்குச் சொல்லப்போகும் பொய் வரைக்கும் திரையில் வரிசையாக ஓடும். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்து அவர் காலில் விழுந்திருக்கிறார்கள். சரி, விழுந்தது ஒருவர்தான். அதுவும் மாடிப்படியில் வழுக்கி.

அவருடைய வேலை, பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வுக்கூடத்தில் ஆட்களுக்கு வலைத்தொப்பி போடுவது. தொப்பியில் முப்பத்திரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே முனை மழுங்கிய ஊசியால் ஜெல் விடவேண்டும். பிறகு உள்ளறைக் கதிரையில் இருக்கும் ஆளின் காதுக்குள், பத்து செக்கனுக்கு ஒருக்கால், கணினி வெடிச்சத்தம் ஒன்றை விடும். மூளை எப்படித் துள்ளுகிறது என்று வெளியறைத் திரை காட்டும். யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள் ஒரு குழு, யுத்தம் நினைவில்லாதவர்கள் இன்னொரு குழு. சாதாரணதரப் பரீட்சையில் கணக்குக் கைவிட்டுப்போய் வீட்டில் சும்மா இருந்த நான் இரண்டாவது குழு. நான்கு முறை போகவேண்டும்.

முதல்நாள் நான் பல்லை இறுக்கிக் கடித்தேன். திரையில் கோடுகள் மலைமலையாக எழும்பின.

"பல்லைக் கடிக்காதடி றொஷானி. அது மூளையில்லை, தாடை," என்றார் அக்கா, திரும்பிப் பாராமலே.

அக்காவின் ஊர் கட்டைபறிச்சான். பத்து வயதில் ஷெல் விழுந்தது. தகப்பனின் கால் ஒரு பக்கம், அந்தக் காலில் இருந்த செருப்பு இன்னொரு பக்கம். செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொல்லுவார். "காலைத் தூக்க ஏலாமப் போச்சு, பாரமடி." சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். ஒருநாள் பஸ்ஸில் இடுப்பில் கைபோட்டவனின் உள்ளங்கையில் அந்த ஜெல் ஊசியை ஏற்றியிருக்கிறார். "மழுங்கல் ஊசிதானே அக்கா?" என்று கேட்டேன். "ஓம். அதாலதான் ரெண்டு தரம் குத்தினனான்."

சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வெளியறை மேசையில் ஒரு குமிழ் இருந்தது. அது நிற்கவேண்டிய இடத்தில் அக்கா நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். வருகிற ஆளைக் கதிரையில் இருத்திய பிறகு, காதுக்கருவியைத் தன் காதில் போட்டு ஒரு வெடியைத் தானே வாங்குவார். அதன் பிறகுதான் மற்றவருக்கு. இந்த வழக்கத்தைத்தான் நான் குறிவைத்தேன்.

மூன்றாவது முறை போன அன்று, என் தொப்பியைக் கழற்றிவிட்டு அக்கா துவாய் எடுக்கப் போனார். தலைமயிர் முழுக்க ஜெல். சொறிந்த கையாலேயே குமிழைப் பொட்டுக்கு அப்பால், கடைசிவரை திருகினேன். அடுத்த ஆள் வந்ததும் அக்கா காதில் போடுவார், துள்ளுவார், நான் சிரிப்பேன். திட்டம் அவ்வளவுதான்.

அடுத்த ஆள் சல்லிக் கிராமத்தில் இருந்து வந்த தங்கத்துரை ஐயா, கடற்றொழிலாளி. யுத்த காலத்தில் விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போய்க் காதோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். அந்த மனுசன் வெடியை வீணாக ஒருமுறை கூடுதலாகக் கேட்கக்கூடாது என்று, அக்கா அன்றைக்கு மட்டும் அவருக்கான சோதனையைக் காலையிலேயே முடித்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

நான் தலை கழுவிக்கொண்டிருந்தபோது முதல் வெடி போனது. உள்ளேயிருந்து வந்தது மனிதக் குரல் மாதிரி இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தங்கத்துரை ஐயா தொப்பியைப் பிய்த்திருந்தார். கம்பிகளோடு தலைமயிரும் வந்திருந்தது, நெற்றியில் இரத்தம். காதுக்கருவி கழுத்தில் தொங்கியது. அவருடைய இரண்டு கைகளும் அக்காவின் தொண்டையில்.

"அடிக்காதேங்கோ ஐயா! எனக்கொண்டும் தெரியாது!" என்று கத்தியது தங்கத்துரை ஐயாதான். கத்திக் கத்தி அக்காவின் தலையைச் சுவரில் மோதினார். ஒருமுறை. இன்னொருமுறை. அக்காவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பாய்ந்து அவர் முதுகில் தொங்கினேன். முழங்கையால் ஒரு இடி. என் முன்பல் பாதி தரையில் கிடந்தது. கதிரை கவிழ்ந்தது. பக்கத்து அறையில் ஆய்வுக் கணக்குப் பார்க்கிற விதுசன் அண்ணா தீயணைக்கும் சிலிண்டரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அக்கா ஒரு கையைத் தூக்கி விதுசன் அண்ணாவைத் தடுத்தார். அடிக்காதே என்று. மூச்சில்லாத நேரத்தில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணினி நிற்கவில்லை. பத்து செக்கனுக்கு ஒருக்கால் அந்தக் காதுக்கருவி வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஐயாவின் விரல்கள் இன்னும் இறுகின. அக்காவின் கண் காதுக்கருவியின் வயரைக் காட்டியது. நான் பிடுங்கினேன்.

அடுத்த வெடி வரவில்லை. ஐயாவின் கை மெல்ல மெல்லக் கழன்றது. தன் கைகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "பிள்ளை... நான் ஆருக்கு அடிச்சனான்?" என்று கேட்டார். அக்கா தரையில் இருந்து இருமிக்கொண்டே, தன் துவாயால் அவர் நெற்றி இரத்தத்தைத் துடைத்தார். பொலிசுக்குப் போகமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டார்.

ஆனால் குமிழ் பொட்டைத் தாண்டி நின்றதைப் பொறுப்பாளர் இரத்தினேஸ்வரி மெடம் கண்டுவிட்டார். அக்கா சோதிக்கவில்லை என்பது அவருடைய முடிவு.

"வெள்ளிக்கிழமை அக்கா விளக்கக் கடிதம் குடுக்கோணும்," என்றார் விதுசன் அண்ணா. "என்ன நடந்ததெண்டு காட்டாட்டி வேலை போயிடும். சோதிச்சனான் எண்டு சொல்லுறா. ஆர் நம்புறது?"

நான் நம்பினேன். வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை என்னுடைய நான்காவது முறை. புதுத் தொப்பி வந்திருந்தது. அக்காவின் கழுத்தில் பத்து விரல்களும் நீலமாய்ப் பதிந்திருந்தன. நான் ஒரு சின்னப் போத்தல் நோவெண்ணெய் கொண்டுபோயிருந்தேன்.

"இது எதுக்கு?"

"சும்மா, அக்கா. வீட்டில மிச்சமாக் கிடந்தது."

"மூடி உடைக்காம மிச்சமாக் கிடந்ததோ?"

போத்தலை மேசையில் வைத்தேன். அவர் தொப்பியைப் போட்டார், முப்பத்திரண்டு இடத்திலும் ஜெல் விட்டார். உள்ளறைக்கு அனுப்பாமல் வெளியறை மேசைக்கு முன்னாலேயே இருத்தினார். காதுக்கருவியும் தரவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, மடித்த பஞ்சுத்துண்டு ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே வெள்ளைப் பொருக்கு.

"இது என்ன தெரியுமோ?"

"உப்போ அக்கா?"

"காய்ஞ்ச ஜெல். அந்தக் குமிழில இருந்து சுரண்டினனான். நான் கையுறையைக் கழட்டாமக் குமிழைத் தொடுறதில்லை. தங்கத்துரை ஐயா உள்ளுக்க இருந்தவர். அண்டைக்குத் தலை முழுக்க ஜெல்லோட இந்த மேசையடியில நிண்டது ஒராள்தான்."

உடைந்த பல்லை நாக்கால் தடவினேன். "நீங்கள் துள்ளுவீங்கள் எண்டுதான் அக்கா..."

"தெரியும். வெடி எனக்கெண்டு நினைச்சனி. மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீயா வருவாயெண்டு. நீ நோவெண்ணெயை அனுப்பிப் பாக்கிறாய்."

விசைப்பலகைக்கு அடியில் இருந்து ஒரு தாளை இழுத்தார். கடிதம். அக்காவின் வடிவான எழுத்து. ஆனால் கீழே கையெழுத்துக்கு விட்ட இடத்தில் இருந்த பெயர் அக்காவின் பெயர் இல்லை. என்னுடையது.

"எழுத்துப்பிழை விடுவாயெண்டு நானே எழுதினனான். வாசி. சரியெண்டால் கையெழுத்தை வை. நாளைக்கு மெடத்திட்ட ரெண்டு பேருமாப் போவம்."

பேனையை வாங்கினேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. கண்ணில் ஜெல் பட்டுவிட்டது என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"பல்லைக் கடிக்காதடி," என்றார். "அழுறதெண்டால் அழு. எல்லாம் இதில தெரியுது."