இறுக்காமல் விட்ட ஐந்து போல்ட்

பலகையை ஒரே தடிப்பாக இழைக்கிற திக்னஸ் மெஷினில் பிளேடு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. இருந்தும் இருபது வருஷமாக எங்கள் பட்டறையில் அந்த வேலையை நான்தான் செய்கிறேன். கரண்டை அணைத்துவிட்டு மேல் மூடியைத் தூக்கினால் நடுவில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் மூன்று பள்ளம். பள்ளத்துக்கு ஒரு பிளேடு, அதை அழுத்திப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை, பட்டைக்கு ஐந்து போல்ட். மூன்று பிளேடும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மயிரிழை தூக்கி நின்றாலும் பலகையில் வரி வரியாக விழும். அதனால் போல்ட்டை முதலில் விரலால் மட்டும் திருகி, மேலே கட்டை வைத்து உயரம் பார்த்து, தட்டித் தட்டிச் சரிசெய்து, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டு இறுக்குவோம். விரலால் திருகிய போல்ட்டும் ஸ்பேனரால் இறுக்கிய போல்ட்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.

பட்டறை ஒரத்தநாட்டில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. எனக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கும் பொதுவானது. அவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பட்டறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. பெரிய புயல் ஒன்று அடித்த பிறகு பேராவூரணிப் பக்கம் சாய்ந்த மரங்கள் லாரி லாரியாக எங்களிடம் வந்தன. பலாவும் வேம்பும் பரவாயில்லை. தென்னை இருக்கிறதே, அது பிளேடைத் தின்றுவிடும். சாணை பிடித்து மாட்டிய பிளேடு ஒரு வாரத்தில் மழுங்கிப் போகும். அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தபோது மூன்றும் மொண்ணையாகக் கிடந்தன. பூஜைக்கு எப்படியும் மெஷினைக் கழற்றித் துடைக்கத்தானே போகிறோம், பிளேடையும் மாற்றிவிடலாம் என்று காலையிலேயே உட்கார்ந்தேன்.

ரோலரில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டவே மதியம் ஆகிவிட்டது. கிரீஸ் வைத்தேன், பெல்ட்டைப் பார்த்தேன். இரண்டு பிளேடை மாட்டி இறுக்கியாயிற்று. மூன்றாவதற்கு உயரம் பார்த்து, ஐந்து போல்ட்டையும் விரலால் திருகி வைத்த நேரம் தங்கை வந்து நின்றாள்.

"அண்ணே, ராகு காலம் வரப்போகுது. எல்லாச் சாமானையும் கொண்டாந்து இலையில வைங்க."

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. ஐந்து போல்ட்டுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் நான் இன்னும் குளிக்கவில்லை, உடம்பெல்லாம் கிரீஸ், யார் மேலோ எரிச்சல். ஸ்பேனரைத் துணியில் துடைத்து நானே இலையில் கொண்டுபோய் வைத்தேன். மூடியை இறக்கினேன். அவள் அதன்மேல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து மாலை போட்டாள். சூடம் காட்டும்போதுதான் போல்ட் ஞாபகம் வந்தது.

எங்கள் வழக்கத்தில் படைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் மறுபூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்த பிறகுதான் எதையும் கையில் எடுப்போம், ஸ்விட்சைப் போடுவோம். ஸ்பேனரே இலையில் இருக்கிறது, மெஷினை யார் தொடப்போகிறார்கள், காலையில் வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், "பூஜைக்கு முன்னாடி முடிக்க மாட்டீங்களா மச்சான்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை தேங்காய் பழம் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்திருக்கிறார். அன்றைக்கு அவர் கட்டுகிற வீட்டில் வாசல் நிலை வைக்க நேரம் குறித்திருந்தது. எங்களிடம் வாங்கிப்போன மேல்கட்டை கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, உடனே இழைத்துக் கொடுங்கள் என்று தலைகீழாக நிற்காத குறை. பின்னால் வீட்டில் மறுபூஜைக்குத் தங்கை வைத்த சர்க்கரைப் பொங்கல் இன்னும் இறங்கவில்லை. கேஸ் தீர்ந்துபோய் விறகடுப்பு மூட்டி ஊதிக்கொண்டிருந்தாளாம். மாப்பிள்ளை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு கட்டைதானே, சாமி ஒண்ணும் சொல்லாது" என்று சொல்லிவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டிருக்கிறார்.

கட்டை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று குனிந்து பார்ப்பது அவர் பழக்கம். பார்க்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். மூன்றாவது பிளேடு பிய்த்துக்கொண்டு, உள்ளேயே மோதி உடைந்து, ஒரு துண்டு கட்டை போகிற வாய் வழியாக வெளியே வந்தது. அவருடைய வலது கண்ணில் ஏறியது. நான் தேங்காயோடு திரும்பியபோது தங்கை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பொங்கல் கரண்டி அப்படியே இருந்தது. தஞ்சாவூரில் டாக்டர்கள் முடிந்த மட்டும் பார்த்தார்கள். கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அன்று சாயங்காலம் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் ஊருக்கு வந்தேன். பட்டறைக் கதவைச் சாத்தினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது பள்ளத்தில் பாதிப் பிளேடு தொங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த போல்ட்டுகள் விரலுக்கே சுற்றின. இலையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். அதில் குங்குமம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன், இனி யாராலும் கழற்ற முடியாது என்கிற அளவுக்கு. பிறகு யார் வந்து பார்த்தாலும் உடைந்த பிளேடைக் காட்டினேன். இரும்பில் கோளாறு என்றேன்.

ஆனால் எவருமே இரும்பைக் குற்றம் சொல்லவில்லை. மறுபூஜைக்கு முன்னால் மெஷினைத் தொட்டார், சாமி கண்ணைப் பிடுங்கிவிட்டது. ஊரே இதைத்தான் சொன்னது. மாப்பிள்ளையும் கட்டோடு படுத்துக்கொண்டு அதையேதான் சொன்னார். தங்கை முழுப் பழியையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். பொங்கல் நேரத்துக்கு இறங்கியிருந்தால் அவர் ஏன் ஸ்விட்சைப் போடப்போகிறார்? அன்றோடு அவள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்பது நின்றது.

நம் சாமிக்கு அடிக்கத்தான் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, வேளாங்கண்ணி மாதாவிடம் போய் நின்றாள். எங்கள் பக்கம் அது அதிசயமில்லை. மிஞ்சிய ஒரு கண்ணை மாதா காப்பாற்ற வேண்டும், அதற்காக வருஷா வருஷம் கொடியேற்றத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்ட முடியாது. பாலிஷ் போடுவதோடு அவர் வேலை முடிந்தது, அளவு எடுத்தால்கூடத் தப்பிப்போகும். அதனால் அவளைத் தஞ்சாவூர் புறவழிச்சாலை வரை கொண்டுபோய் விடுவது என் பொறுப்பாயிற்று. காவிச் சேலையில் இறங்குவாள், செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள். நான் அதை வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். இப்படியே ஆறு வருஷம் போனது. முதல் வருஷம் போலீஸ் பயம் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் பயம் போய்விட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. நான் கோழை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்.

இந்த வருஷம் அவளுக்குக் குதிகாலில் புண். சர்க்கரை இருக்கிற உடம்பு, இரண்டு மாதமாக ஆறவில்லை. செருப்பில்லாமல் வாசலுக்குக்கூடப் போகக் கூடாது, மீறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். கொடியேற்றத்துக்கு நாலு நாள் முன்னால், விடிகாலையில் காவிச் சேலையோடு வந்து என் வண்டியில் ஏறினாள். மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டு, "நீங்களாவது சொல்லுங்க மச்சான்" என்றார். வழி நெடுகச் சொல்லிக்கொண்டுதான் போனேன், காலைப் பற்றி, டாக்டரைப் பற்றி. அவள் காதில் ஏறவில்லை.

புறவழிச்சாலையில் கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி நீட்டினாள். குதிகால் கட்டில் ஈரம் தெரிந்தது. செருப்பை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். மூடியைச் சாத்திய பிறகுதான் சொன்னேன்.

"பிளேடு பிய்ஞ்சது சாமியால இல்லம்மா. நான் போல்ட்டை இறுக்கல."

அவளுக்குப் புரியவில்லை. இலையில் வைத்த ஸ்பேனர், விரலால் திருகிய ஐந்து போல்ட், சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு இறுக்கியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. யாரோ ஒரு அம்மாள் அவளை வரச் சொல்லிக் கையாட்டினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப, பொங்கல் லேட்டானதால இல்லையா?"

"அது எப்ப இறங்கியிருந்தாலும் மெஷினைப் போட்டிருந்தா இதுதான் நடந்திருக்கும்."

குனிந்து குதிகால் கட்டைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"ஆறு வருஷமும் நீங்கதானண்ணே என்னை இங்க கொண்டாந்து விட்டீங்க?"

ஆமாம் என்றேன்.

"செருப்பக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அதாலேயே அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே போட்டு மாட்டினாள். கட்டு பெரிதாக இருந்ததால் பின்வாரை மடித்து மிதித்துக்கொண்டு, நொண்டி நொண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பட்டுக்கோட்டை பஸ் வந்தது. ஒரத்தநாடு வழியாகப் போகிற வண்டி. கைகாட்டி நிறுத்தி ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ் ஊர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். வண்டியை விரட்டினால் அதற்கு முன்னால் போய்விடலாம், மாப்பிள்ளையிடம் நானே என் வாயால் சொல்லிவிடலாம். வண்டியில் சாவி இருந்தது. பஸ் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்தும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.