இடது கைக்கு வளைத்த ஹேண்டில்பார்

என் ஒர்க் ஷாப் சுவரில் ஓர் ஆணியில் ஹேண்டில்பார் ஒன்று தொங்குகிறது. அதன் வலது பக்கம் எல்லா வண்டிகளிலும் இருப்பது போலத்தான். இடது பக்கம் மட்டும் நான்கு விரல் அளவு பின்னால் வளைந்திருக்கும். பழைய இரும்பு வாங்க வருகிறவரின் கண் முதலில் அதன்மேல்தான் போகும். கொடுக்க முடியாது என்று தலையாட்டி அனுப்பிவிடுவேன். காரணம் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரு காக்ஸ் டவுனில் இந்த டூவீலர் ஒர்க் ஷாப்பைப் போட்டேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன்தான், ஆனால் வண்டி விஷயத்தில் என் கண்ணை நம்பலாம். ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதன் முன்சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ஹேண்டில்பாரை வளைத்த அன்றைக்கும் கண் சரியாகத்தான் பார்த்தது. வாய்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். முந்நூற்றைம்பது சிசி வண்டி வைத்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள் மாட்டி, தானே நீல வர்ணம் பூசியிருந்தார். வருடா வருடம் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அதில்தான் வேளாங்கண்ணிக்குப் போய் வருவார். அப்படிப் போய்த் திரும்பும் வழியில் ஒருமுறை ஓசூர் பக்கம் விழுந்துவிட்டார்கள். அவருக்கு இடது முழங்கை உடைந்தது. அந்தம்மாவுக்குச் சிராய்ப்புதான், ஆனால் அதன்பிறகு வண்டியில் ஏறவே இல்லை. கை எலும்பு சேர்ந்தால் இருவரும் இதே வண்டியில் வருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி மாதாவிடம் வேண்டிக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் கெஞ்சியபிறகுதான் அந்தம்மா சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. “வண்டி ஒரு தரம் ஆடுச்சுன்னாலும் எறங்கிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, மாதாவாச்சு.”

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில், ஆயில் மாற்றி பிரேக் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுவிட்டு மாஸ்டர் பள்ளிக்குப் போனார். வேலை முடிந்ததும் முன்னால் நின்று பார்த்தேன். சக்கரம் நேராக இருந்தது, ஹேண்டில் மட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தது. விழுந்த வண்டிதானே, யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கம்பிகளைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை வலது பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பினேன். கீழிருந்து மேலாக போல்ட்டுகளை முடுக்கிவிட்டுப் பார்த்தால், நூல் பிடித்த மாதிரி நின்றது. மாஸ்டர் மத்தியானம் மனைவியோடு வந்தபோது அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டக் கூச்சம்.

அந்தம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தெருமுனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி திரும்பவில்லை. அகலமாகப் போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அந்தம்மா இறங்கிவிட்டார். மாஸ்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அவர் முன்னால் நடந்து வந்தார்.

“என்னா பண்ணீங்க வண்டிய? வர்றப்போ நல்லாத்தானே இருந்திச்சு.”

“ஹேண்டில் கோணலா இருந்திச்சும்மா. நேர் பண்ணேன்.”

“இந்த மனுஷன் கையே கோணல். வண்டி மட்டும் நேரா இருந்து என்னாத்துக்கு?”

மாஸ்டர் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். அன்றுதான் மடித்துவிட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். வலது கை முழுதாக நீண்டது. இடது கை பாதியில் நின்றுவிட்டது. வலது பக்கம் திருப்பும்போது இடது கைப்பிடி தள்ளிப் போகும், இவர் கை எட்டாது. அதற்காக அவரே போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி வைத்திருந்தாராம்.

“பழையபடி ஸ்வல்ப, கொஞ்சமா திருப்பிடுங்க, போதும்,” என்றார்.

“நான் பஸ்ஸுலயே வர்றேன்,” என்றார் அந்தம்மா.

மாஸ்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாடிக்கையாளர் ஒருவரிடம் முடியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. “பழையபடி வேணாம் சார். ஃபோர்க்கை முறுக்கி வெச்சா பள்ளத்துல வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அது அப்டியே நேரா இருக்கட்டும். கம்பிய உங்க கைக்கு வளைக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் விடுங்க.”

ஹேண்டில்பாரைக் கழற்றி வைஸ் இடுக்கியில் பிடித்தேன். இடது முனையில் நீளமான பைப்பைச் செருகி, சூடு காட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். வளைத்து மாட்டுவேன், மாஸ்டரை உட்காரவைத்துக் கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்வேன், திரும்பக் கழற்றுவேன். அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை, “ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்குற மாதிரி இல்ல இருக்கு,” என்று சிரித்தார். ஐந்தாவது தடவை மாஸ்டரின் இரண்டு கைகளும் தேடாமல் பிடியில் போய் உட்கார்ந்தன.

“சர்ச் வரைக்கும்தான்,” என்று சொல்லி அந்தம்மா ஏறினார். தெருமுனையில் வண்டி வலது பக்கம் ஒழுங்காகத் திரும்பி மறைந்தது. நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். திரும்பி வந்தபோதும் அந்தம்மா பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். இறங்காமலே என்னிடம் சொன்னார்: “காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும்னு இவர்கிட்ட சொல்லி வைங்க. தூங்கிடுவாரு.”

அந்த வருடமும் அதற்குப்பிறகு ஏழு வருடமும் அவர்கள் அந்த வண்டியில்தான் போனார்கள். பின்பு கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார்கள். பெரிய வண்டியை எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கினார். அவருக்கு நானே வேறு ஹேண்டில்பார் மாட்டிக்கொடுத்தேன். பழையதை அந்தம்மா விற்க விடவில்லை. “இது வேற யாருக்கும் ஆவாது. நீங்களே வெச்சிக்கங்க,” என்றார்.

இப்போதும் ஹேண்டில் கோணல் என்று யார் வந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். நான் கூச்சப்படுவதில்லை. எப்போதாவது ஆணியிலிருந்து அந்தக் கம்பியை இறக்கித் துடைக்கும்போது இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்ப்பேன். என் கைக்கு அது பொருந்தாது. துடைத்து மறுபடி ஆணியில் மாட்டிவிடுவேன்.