பெருங்காய டப்பா

ஒத்தக்கடை மண்டபத்தில் என் தங்கை கல்யாணத்துக்குச் சமைத்தவர் அவர். கனத்த உருவம், தலையில் ஈரத் துண்டு. கொதிக்கிற எதிலும் பார்க்காமலே பெருங்காயத்தூளைக் கிள்ளிப் போட்டுவிடுவார்.

கோதுமையோ பாலோ சேர்ந்தாலே மூச்சு முட்டும் என் மகளுக்கென்று கொண்டைக்கடலையும் சேனைக்கிழங்கும் போட்ட குழம்பு தனியே கொதித்தது. அப்போதுதான் பெருங்காய டப்பாவைப் படித்தேன். தூளில் கோதுமை மாவும் கலந்திருந்தது.

“இதுல போட்டீங்களாண்ணே?”

“எம்புட்டு யோசிச்சாலும் தெரியலையே தம்பி.”

குனிந்து முகர்ந்தார். பக்கத்துச் சாம்பாரிலும் அதே வாசனை. பந்திக்கு இலை போட்டாயிற்று. குழம்பை அப்படியே கீழே கொட்டினார்.

கையைத் தேய்த்துக் கழுவி, மிச்சக் கடலையைப் புதுச் சட்டியில் ஏற்றியவர், டப்பாவை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே வச்சுக்கங்க. என் கைய நம்ப முடியாது.”

அப்படிச் சொன்னவர் கையை நம்பித்தான் மகளைப் பந்தியில் உட்காரவைத்தேன்.