ஊர் என்ற கட்டம்

எண்பதுகளில் புதுச்சேரி நூலகம் ஒன்றில் எனக்குப் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. படுக்கை பஸ் நிலையத்தில்தான். நூலகத்தில் நாட்டுப்புறப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து, தேடி எடுக்க வசதியாக ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதிவந்தார் ஓர் அம்மா. குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. எழுதும் முன் பேனா முனையைப் புடவைத் தலைப்பில் துடைப்பார்.

அட்டையில் எதை எழுதுவது என்று அதிகாரியோடு அவருக்குத் தினமும் சண்டை.

"பிரெஞ்சுக்காரன் வச்ச முறைப்படி பாட்டு கட்டினவர் பேரு இருந்தா போதும்" என்பார் அதிகாரி.

"நாத்து நடுற பாட்டை யாரு கட்டினாங்கன்னு எங்க போய்த் தேடுறது முசியே? பாடினவங்க பேரும் ஊரும் போடுவோம்" என்பார் அம்மா. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

கடைசியில் அம்மாவே வென்றார். ஆனால் அட்டையில் பேர், ஊர் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்தப் பாட்டை அழித்துவிட வேண்டும் என்றார் அதிகாரி.

பெட்டி தூக்கும்போது நான் பாடிய ஏற்றப் பாட்டையும் அம்மா பதிந்தார். என் பேரை எழுதிவிட்டு, "எந்த ஊருப்பா?" என்றார்.

"ஊரெல்லாம் கிடையாதும்மா. அழிச்சிடுங்க."

"ராத்திரி எங்க படுக்கிற?"

"இங்கதான், பஸ் ஸ்டாண்டுல."

பேனாவைத் துடைத்துக்கொண்டு 'புதுச்சேரி' என்று எழுதினார்.

பிறகு எத்தனையோ ஊர்களில் படுத்துவிட்டேன். யாராவது ஊர் கேட்டால், அவர் எழுதியதையே சொல்கிறேன்.